பாலம் தாண்டிப் படித்த அல்ஜீப்ரா

லாட்ஜ் வரவேற்பில் நிற்கிறவருக்கு வேண்டிய தகுதி ஒன்றுதான்: எதுவும் தெரியாவிட்டாலும் எல்லாம் தெரிந்த முகத்தோடு நிற்க வேண்டும். அல்ஜீப்ரா வகுப்பில் உட்காருகிறவருக்கும் அதே தகுதி போதும் என்று நினைத்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் சார் கேள்வி கேட்கும்போதெல்லாம் பெஞ்சுக்கு அடியில் விழாத பென்சிலைத் தேடியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் பங்காளிகள்.

என் கதை சின்னது. வீடு தங்கச்சிமடத்தில். வேலை ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில். வீட்டுக்காரர் அருள், விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வலை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் அடிக்கடி இறங்கிவிடும். ‘கடலை விட்டுவிடுங்கள்’ என்று நான் கேட்காத நாள் இல்லை. ‘நீ லாட்ஜுக்கு மேனேஜராகு, நான் எறங்கிர்றேன்’ என்பார். ஆகமாட்டேன் என்ற தைரியம்.

அப்போதிருந்த மேனேஜர் தை மாதத்தோடு ஓய்வு பெறுவதாகத் தகவல் வந்தது. போட்டிக்கு இரண்டு பேர். நான் ஒருத்தி, ஓனருடைய மச்சினன் தினேஷ் இன்னொருவன். டிகிரி படிக்கிறவருக்குத்தான் வேலை என்று ஓனர் சொல்லிவிட்டார். ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் மாலை நேர பிசிஏவில் நான் சேர்ந்தேன். பிளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுக்காதவர்கள் முதல் செமஸ்டரிலேயே அடிப்படை அல்ஜீப்ராவைப் பாஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு கிடையாது என்று சேர்ந்த பிறகு சொன்னார்கள். ஆக, எக்ஸைக் கண்டுபிடித்தால் காலேஜ், காலேஜ் இருந்தால் மேனேஜர், மேனேஜர் ஆனால் அவர் கரையில். ஒரு குடும்பத்தையே தன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று அந்த எக்ஸுக்குத் தெரியாது.

எழுந்து நின்ற வகுப்பு

முதல் நாள் லாட்ஜிலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போனேன். யூனிஃபார்ம் சேலை, தோளில் பை, கையில் டிபன் கேரியர். வகுப்புக்குள் கால் வைத்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று ‘குட் ஈவினிங் மேடம்’ என்றார்கள். நானும் குட் ஈவினிங் சொல்லிவிட்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

பிறகு சார் வந்தார். தர்மபுரிக்காரர். பையன்கள் நடுவில் விட்டால் கண்டுபிடிக்க முடியாத வயது. அவர் நேரே என்னிடம் வந்து, ‘பையன் எந்த வருசம்மா? ஆபீஸ்ல விசாரிச்சீங்களா?’ என்று கேட்டார். நான்தான் படிக்க வந்திருக்கிறேன் என்றேன். வருகைப் பதிவில் என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“உக்காருங்க மேடம். எனக்கும் இன்னைக்குத்தான் மொத நாளு. ரெண்டு பேரும் எப்படியோ ஓட்டிருவோம்.”

நிலையில்லாத ஆள்

ஓனருக்கு என் படிப்பில் அக்கறை அதிகம். காலையில் கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, ‘நேத்து என்ன நடத்துனாங்க?’ தினேஷ் எதிரே சோபாவில் சாய்ந்து போனில் கேம் விளையாடிக்கொண்டிருப்பான். அவன் அக்காதான் ஓனரம்மா என்பதால் சோபாவுக்கு வாடகை கிடையாது.

ஒருநாள் எக்ஸ் கண்டுபிடித்தோம் என்றேன். எவ்வளவு என்றார். ஐந்து என்றேன். நல்லது என்று தலையாட்டினார். மறுநாளும் எக்ஸ்தான் கண்டுபிடித்தோம், ஏழு வந்தது என்றேன். அவர் முகம் மாறியது. நேற்று ஐந்து என்றீர்களே, பிழையாகச் சொன்னீர்களா என்றார். இல்லை, அது நேற்றைய கணக்குக்கு, இது இன்றைய கணக்குக்கு என்று விளக்கினேன். கணக்குக்குக் கணக்கு மாறும், அதுதான் எக்ஸ் என்றேன். அவர் ஊதுபத்தியைக் குத்தி வைத்துவிட்டு நிதானமாக யோசித்தார்.

“நம்ம ரூம் வாடகை மாதிரின்னு சொல்லுங்க. ஆள் மொகத்தைப் பாத்து ஏத்தி எறக்குறது.”

காலி அறை

எனக்கென்றே எழுதியதுபோல ஒரு கணக்கு வந்தது. ‘ஒரு விடுதியில் சில அறைகள் உள்ளன. அறைக்கு மூவர் வீதம் தங்கினால் எட்டுப் பேருக்கு இடமில்லை. நால்வர் வீதம் தங்கினால் இரண்டு அறைகள் காலியாக இருக்கும். அறைகள் எத்தனை?’ சார் மிகுந்த நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கை நான் சிரித்த முகத்தோடு பார்த்தேன்.

எழுந்து, அமாவாசையா சாதா நாளா என்று கேட்டேன். அது கணக்கில் இல்லை என்றார். அமாவாசை என்றால் எட்டுப் பேருக்கு ஹாலில் பாய் போட்டுவிடலாம், யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை, விடிந்தால் அக்னி தீர்த்தத்துக்குப் போய்விடுவார்கள் என்றேன். சரி, காலியான இரண்டு அறை என்றார். காலி இருக்காது சார், ஒன்றில் ஏசி ரிப்பேர் என்று எழுதி ஒட்டியிருப்போம், அது ஓனர் சொந்தக்காரர்களுக்கு. இன்னொன்றில் சமையல்காரர் படுத்திருப்பார் என்றேன். முன் பெஞ்சில் ஒரு பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விடை பதினாறு என்று சார் பலகையில் எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“மேடம், நான் கேட்டது கணக்கு. நீங்க புக்கிங் எடுத்துட்டீங்க.”

காற்று இல்லாத கடல்

அடுத்தது படகுக் கணக்கு. நீரோட்டத்தோடு போனால் முப்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம், எதிர்த்துப் போனால் மூன்று மணி நேரம். நீரோட்டத்தின் வேகம் என்ன? தர்மபுரியில் இந்தக் கணக்கை நடத்தினால் ஒரு வம்பும் வந்திருக்காது. இங்கே வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள்.

நீவாட்டை எதிர்த்து எதற்குப் போக வேண்டும், திரும்புகிற வரைக்கும் நங்கூரம் போட்டு இருக்கலாமே என்றது ஒரு பிள்ளை. நீவாடு என்றால் நீரோட்டம் என்று நான் சாருக்கு மொழிபெயர்த்தேன். எத்தனை குதிரைச் சக்தி எஞ்சின், வலை உள்ளே கிடக்கிறதா வெளியே கிடக்கிறதா, இது பாக் நீரிணையா மன்னார் பக்கமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கச்சான் காற்றா வாடைக் காற்றா என்று ஜெரோம் கேட்டான். பாம்பன்காரன், வகுப்பு இல்லாத நாளில் அய்யாவோடு கடலுக்குப் போகிறவன். சார் கையெடுத்துக் கும்பிட்டார். ‘தம்பி, காத்தே இல்லைன்னு வச்சுக்கோங்க’ என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அன்றைக்கு அருள் கடலில் இருந்தார்.

ஜெரோம் மரியாதையாக எழுந்து நின்றுதான் சொன்னான்.

“காத்து இல்லைன்னு வச்சுக்கிட்டுப் போனவங்களத்தான் சார் நாங்க அப்பப்பத் தேடிக்கிட்டுத் திரிவோம்.”

கலர் சாக்பீஸ்

சாருக்கு ஒரு கவலை இருந்தது. சில நாள் வகுப்பு நிறைந்திருக்கும், சில நாள் கடைசி பெஞ்சுகள் வெறிச்சோடிக் கிடக்கும். தன் பாடம்தான் காரணம் என்று அவர் நினைத்தார். ஐப்பசியில் ஒருநாள் எக்ஸுக்குச் சிவப்பு, எண்களுக்கு மஞ்சள், சமக்குறிக்குப் பச்சை என்று கலர் சாக்பீஸில் நடத்திப் பார்த்தார். மறுநாள் வகுப்பில் உட்கார இடமில்லை. அதற்கு மறுநாள் பெஞ்சுக்கு ஆறு பேர். சாருடைய நடையே மாறிவிட்டது. சொந்தச் செலவில் ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தார். மாணவர் மனதை வண்ணங்கள் எப்படி ஈர்க்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும் சொன்னார்.

அந்த நாட்களில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கூண்டு ஏறினால் படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாவிட்டால் பையன்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவர் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அட்டெண்டர் பூமிநாதன் அண்ணனுக்கு மட்டும் அப்படி மென்மையான மனசெல்லாம் கிடையாது. நான்காம் நாள் சாயங்காலம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சாரிடம் சொன்னார்.

“கூண்டை எறக்கிட்டாங்க சார். நாளைக்கு வெள்ளைச் சாக்பீஸே போதும்.”

மைனஸும் மைனஸும்

வீட்டில் நான் சத்தம் போட்டுப் படிப்பேன். அப்படிப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பது எங்கள் பரம்பரை நம்பிக்கை. இதுவரை ஏறியதில்லை. ‘மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ், மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ்’ என்று நான் ஓதிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த அருள் முற்றத்தில் உட்கார்ந்து தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மைனஸ் என்றால் என்ன என்றார். இல்லாததுக்கும் கீழே என்றேன். அப்படியும் ஒன்று இருக்கிறதா என்றார். இருக்கிறது, இரண்டு மைனஸ் சேர்ந்து பெருக்கினால் நல்லதாகிவிடும் என்றேன். ஏன் என்றார். சாரே அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார், கடைசியில் ‘அது அப்படித்தான்’ என்றார், நானும் அதையே சொன்னேன்.

அவர் தைலப் பாட்டிலை மூடி வைத்தார். அந்த வாரம் அவர்கள் படகும் பக்கத்துப் படகும் வெறுங்கையோடு திரும்பியிருந்தன.

“அப்ப ரெண்டு போட்டும் சும்மா வந்ததுக்கு, இந்நேரம் கரையெல்லாம் மீனாக் கெடக்கணுமே?”

சுதர்சினி வராத நாள்

எனக்கு உண்மையில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தது சாரும் இல்லை, கலர் சாக்பீஸும் இல்லை. மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வருகிற சுதர்சினி. இலங்கையிலிருந்து வந்த குடும்பம், இவள் பிறந்தது இங்கேதான். பத்தொன்பது வயது. நான் பாலம் தாண்டி வருகிற பஸ்ஸில் மண்டபத்தில் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் இரண்டு கணக்கு முடிந்துவிடும். நான் பிழை விட்டால் கோபப்பட மாட்டாள். ‘ஓம் அக்கா, இப்பிடியும் செய்யலாம், ஆனா விடை வராது’ என்பாள்.

வகுப்பிலேயே கெட்டிக்காரி மாதத்தில் ஒருநாள் மட்டும் வரமாட்டாள். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று சார் ஒருநாள் அவளை எழுப்பிக் கேட்டார். அவர் நல்ல மனுசர், அவளுக்காகத்தான் கேட்டார். முகாமில் அன்றைக்குச் செக்கிங் என்றாள். செக்கிங் என்றால் அதிகாரிகள் வந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிட்டு ஆள் பார்ப்பது. யாராவது பதில் சொல்லிவிடக் கூடாதா, இங்கே பிராக்ஸி கொடுக்கிற மாதிரி என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்டான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாரிடமே சொன்னாள்.

“இஞ்ச நான் இல்லாட்டி ஆப்சென்ட் மட்டும்தான் சார். அங்க இல்லாட்டி நானே இல்ல.”

அதற்குப் பிறகு சார் அவளுக்கு மட்டும் செக்கிங் நாள் பாடத்தை மறுநாள் தனியாக நடத்தினார். நானும் கூட உட்கார்ந்துகொள்வேன். ஒரே பாடத்தை இரண்டு முறை கேட்டும் புரியாத பெருமை எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

வெளியே வைத்த போன்

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு அருள் கடலுக்குப் போனார். மத்தியானம் காற்று திரும்பியது. சாயங்காலம் கூண்டு ஏற்றினார்கள். விடியும்போது மற்றப் படகுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. அவர்களுடையது வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கூண்டுக்கெல்லாம் பல்கலைக்கழகம் லீவு விடாது. நான் கரையில் நின்றால் படகு சீக்கிரம் வரப்போவதில்லை, இது அல்ஜீப்ரா இல்லாமலே தெரியும். ஆனாலும் போகவும் மனமில்லை. அருளுடைய அக்காள்தான் என்னைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினார். ‘அவன் வந்து, நீ பரீட்சைக்குப் போகலைன்னு தெரிஞ்சா அதைச் சாக்கா வச்சே திரும்பக் கடலுக்குப் போவான். ஏறு’ என்றார்.

பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது. நான் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டபத்தில் சுதர்சினி ஏறினாள். புத்தகத்தை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் வரைக்கும் வந்தாள்.

ஹாலுக்குள் போன் கொண்டு போகக்கூடாது. பூமிநாதன் அண்ணனிடம் என் போனைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கேள்வித்தாளைப் பிரித்தால் படகுக் கணக்கு இருந்தது. அதைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக ‘அல்லது’ போட்டிருந்த வயதுக் கணக்கை எழுதினேன். தந்தையின் வயது மகனைப்போல் மூன்று மடங்கு, அவர்கள் எப்படியோ போகட்டும். சமன்பாட்டில் மைனஸை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனபோது பிளஸாக்க மறந்து, அடித்துத் திருத்தினேன். சில கணக்கில் எக்ஸ் கிடைத்தது, சிலதில் கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கண்டுபிடிக்க வேண்டியது எக்ஸ் இல்லை.

முக்கால்வாசி நேரம் போயிருக்கும். பூமிநாதன் அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். பெஞ்சு பெஞ்சாகத் தம்ளரில் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே வந்தார். தேர்வு மேற்பார்வையாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்ததும் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

“எஞ்சின் நின்னுபோச்சாம், கயிறு கட்டி மண்டபத்துக்கு இழுத்தாந்துட்டாங்களாம். பதறாம எழுதிட்டு வரச் சொன்னாரு.”

பாஸ் மார்க்

தை மாதம் ரிசல்ட் வந்தது. வடநாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கையால் விளக்கிக்கொண்டிருந்தேன். சுதர்சினி போன் செய்து, தனக்குத் தொண்ணூற்றாறு, எனக்கு நாற்பது என்றாள். அழுதேன். அந்த வடநாட்டு அம்மா வெந்நீர் இல்லை என்றுதான் அழுகிறேன் போல என்று நினைத்து, பச்சைத் தண்ணீரே போதும் என்று சைகை காட்டினார். ஓனர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி என்னையே மேனேஜராக்கினார். அன்றிலிருந்து ஓனரம்மா அவரோடு பேசுவதில்லை. லாட்ஜில் இப்போது நல்ல அமைதி.

வீட்டுக்குப் போனால் அருள் வாசலில் மறுநாள் கடலுக்கு வேண்டியதைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பாஸ் என்றேன். பை திறந்தபடியே இருந்தது. ‘மார்க்கு எம்புட்டு?’ என்றார். நாற்பது என்றேன். ‘பாஸுக்கு எம்புட்டு வேணும்?’ என்றார். அதுவும் நாற்பதுதான் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இறங்கின தோளைத் தடவிக்கொண்டார். பிறகு பையில் வைத்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

“நானும் இத்தனை வருசமா கரைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்துக்கிட்டிருந்தேன். போதும்.”

இப்போது அவர் கரையில் இருக்கிறார், நான் இரண்டாம் செமஸ்டரில் இருக்கிறேன், அங்கே எக்ஸ் ஒன்றே தாங்காது என்றிருந்தவளுக்குத் துணைக்கு ஒய் என்று இன்னொன்றையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள்.